சந்திப்பில் யார் முதலில் போவது? வண்டி பழகுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எல்.எல்.ஆர். தேர்வில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: போலீஸும் சிக்னலும் இல்லாத சந்திப்பில் யாருக்கு வழிவிட வேண்டும்? "வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு" என்று எல்லோரும் சரியாகவே பதில் தருகிறார்கள். லைசென்ஸ் வாங்கி முதல் நாற்சந்திக்கு வந்ததும் அதே ஆட்கள் நடுவில் வண்டியை அணைத்துவிட்டு முழிக்கிறார்கள்.

புதிதாகப் பழகுபவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கவனித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். விதி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சந்திப்பை நெருங்கியதும் கண் முதலில் வண்டிகளைத் தேடுகிறது. எந்த வண்டி எவ்வளவு வேகம், யார் ஹார்ன் அடிக்கிறார்கள் என்பதிலேயே மனம் போய்விடுகிறது. இது எந்த வகைச் சந்திப்பு என்று முடிவு செய்யாமல் வண்டிகளைப் பார்த்தால், எந்த விதியை எடுப்பது என்றே தெரியாது. முதலில் சந்திப்பு, பிறகு வண்டிகள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகின்றன.

இது தமிழ்நாட்டுச் சாலைகளை வைத்து எழுதியது. விதிகளின் அடிப்படை 1988 மோட்டார் வாகனச் சட்டமும், 1989 சாலை விதிகளுக்குப் பதிலாக 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும்.

1. கிளம்பும் முன்

சீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். முன் கண்ணாடியின் இரு ஓரத் தூண்களும் சந்திப்பில் ஒரு பைக்கை முழுதாக மறைத்துவிடும். உயரமாக உட்கார்ந்தால் சாலை கொஞ்சம் அதிகம் தெரியும். தூண் அப்போதும் மறைக்கும் என்பதால், பார்க்கும்போது தலையையும் தோளையும் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கப் பழகுங்கள். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது.

இடப்பக்க மிரரைத் திறந்து, சரிசெய்து வையுங்கள். மடக்கி வைத்த இடப்பக்க மிரரோடு ஊர் முழுக்கச் சுற்றுபவர்கள் நிறையப் பேர். அந்த மிரர் இல்லாமல் இடப்பக்கம் திரும்பவே கூடாது.

நான்கு இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் எரிகின்றனவா என்று இறங்கிப் பாருங்கள். சந்திப்பில் உங்கள் மனதில் இருப்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்ல வேறு வழி கிடையாது.

முதல் கியரில் ஹாஃப் கிளட்ச் போட்டு (கிளட்ச் பெடலைப் பாதி மட்டும் விட்டு), வண்டி அணையாமல் நகர்த்தக் கை கால் பழகியிருக்க வேண்டும். இது காலி மைதானத்தில் முடிக்க வேண்டிய வேலை. வண்டி அணைந்துவிடுமோ என்ற பயம் இருப்பவர் சரியான இடைவெளி கிடைக்கும்போது போகமாட்டார். தவறான இடைவெளியில் பாய்ந்துவிடுவார்.

2. யார் சொல் செல்லும்: மேலிருந்து கீழ்

ஒரு சந்திப்பில் பல கட்டளைகள் ஒரே நேரத்தில் இருக்கலாம். சிக்னல் பச்சை, நடுவில் நிற்கும் போலீஸ் கை காட்டி நிறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வரிசை இது:

1. போலீஸின் கை
2. சிக்னல்
3. பலகையும் சாலைக் கோடும்
4. மெயின் ரோட்டில் வருபவருக்கு வழி
5. வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி

மேலே உள்ளது இருந்தால் கீழே உள்ளது அந்த நேரத்துக்குச் செல்லாது. மேலே உள்ளது இல்லாவிட்டால் ஒரு படி இறங்கிக்கொள்ள வேண்டும். வலப்பக்க விதி கடைசிப் படி. அதைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அதனால் எல்லா இடத்திலும் அதையே போட்டுப் பார்க்கிறார்கள். கிளைச் சாலையிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருபவர், "நான் அவருக்கு வலப்பக்கம்தானே" என்று நுழைவது இப்படி வரும் தவறு.

பலகைகளில் இரண்டை மட்டும் வடிவத்தாலேயே அடையாளம் காணப் பழகுங்கள். எட்டு மூலைச் சிவப்புப் பலகை என்றால் முழுதாக நிற்க வேண்டும், எதிரே ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும். சிவப்பு விளிம்போடு தலைகீழாக இருக்கும் முக்கோணம் என்றால் வழிவிட வேண்டும். சாலை காலியாக இருந்தால் நிற்காமல் மெதுவாகப் போகலாம். வடிவத்தை ஏன் சொல்கிறேன் என்றால், பாதிப் பலகைகள் போஸ்டருக்கும் மரக்கிளைக்கும் பின்னால் இருக்கின்றன. எழுத்து தெரியாவிட்டாலும் ஓரம் தெரியும்.

நாற்சந்தியில் நிற்கும் போலீஸின் உள்ளங்கை உங்களை நோக்கி இருந்தால் நில்லுங்கள். கை உங்களுக்கா பக்கத்துச் சாலைக்கா என்று சந்தேகம் வந்தால், கோட்டில் நின்று அவர் உங்களைப் பார்த்து அழைக்கும்வரை காத்திருங்கள்.

3. சந்திப்புக்கு முந்தைய 100 மீட்டர்

இந்த 100 மீட்டரில் செய்யவேண்டியவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு: கண்ணாடி, இண்டிகேட்டர், இடம், வேகம், பார்வை.

முதலில் ரியர்வியூ மிரர். பின்னால் யார் ஒட்டிக்கொண்டு வருகிறார் என்று தெரியாமல் பிரேக் போடக் கூடாது. அடுத்து, திரும்புவதாக இருந்தால் இண்டிகேட்டர். பிரேக் பிடித்த பிறகு இண்டிகேட்டர் போடுவது பழகுபவர்கள் எல்லோரும் செய்வது. பின்னால் வருபவர் நீங்கள் எதற்கு வேகத்தைக் குறைக்கிறீர்கள் என்று தெரியாமல், நீங்கள் திரும்பப்போகும் பக்கமாகவே முந்த வருவார். இண்டிகேட்டர் முதலில் போனால் அவர் மறுபக்கம் ஒதுங்குவார்.

பிறகு இடம். வலப்பக்கம் திரும்புபவர் சாலை நடுக்கோட்டை ஒட்டி, இடப்பக்கம் திரும்புபவர் இட ஓரத்தை ஒட்டி, நேராகப் போகிறவர் தன் பாதையிலேயே. இதைச் சந்திப்புக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பாதை மாற்றினால் உங்களைச் சுற்றி இருக்கும் யாருக்கும் உங்கள் திட்டம் புரியாது.

இதற்கெல்லாம் பிறகுதான் வேகம். 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ஒன்றைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி தீர்ந்துவிடும்; ஒரு பஸ் நீளம் பிரேக் இல்லாமலே ஓடிவிடும். 20 கி.மீ.-க்கு இறக்கினால் அது பாதியாகும். சிக்னல் இல்லாத சந்திப்பை இரண்டாவது கியரில், கால் பிரேக் மேல் இருக்க நெருங்குங்கள்.

கடைசியாகப் பார்வை: வலம், இடம், மீண்டும் வலம். வலம் இரண்டு முறை, ஏனென்றால் சந்திப்பில் நுழைந்ததும் நீங்கள் முதலில் கடப்பது வலப்பக்கத்திலிருந்து வரும் பாதையை.

4. சிக்னல் உள்ள இடம்

சிவப்பு என்றால் கோட்டுக்கு முன்னால். ஜீப்ரா கிராசிங் இருந்தால் அதற்கும் முன்னால். கோட்டைத் தாண்டி நின்றால் உங்களுக்கு மேலே உள்ள சிக்னல் தெரியாமல் போகும். பின்னால் அடிக்கிற ஹார்னைக் கேட்டுத்தான் நகர வேண்டியிருக்கும். ஹார்ன் பச்சை விழுவதற்கு இரண்டு நொடி முன்பே ஆரம்பித்துவிடும் என்பது நம் ஊர் வழக்கம். அதற்குக் காது கொடுக்காதீர்கள். சிவப்பில் தாண்டுவதை 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் ஆபத்தான ஓட்டுதலின் கீழ் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடம் இருக்கிறது.

மஞ்சள் நிற்பதற்கானது. பத்திரமாக நிற்க முடியாத அளவு நெருங்கிவிட்டவர் மட்டும் கடந்து போகலாம். தூரத்தில் மஞ்சளைப் பார்த்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பவரும், குறுக்குச் சாலையில் பச்சைக்கு முன்பே கிளம்புபவரும் சந்திக்கும் இடம்தான் சந்திப்பின் நடு.

பச்சை விழுந்ததும் ஒரு நொடி நின்று வலம் பாருங்கள். யாராவது ஒருவர் கடைசி மஞ்சளில் வந்துகொண்டிருப்பார். அடுத்து, எதிர்ப்பக்கம் உங்கள் வண்டி போய் நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இல்லாவிட்டால் பச்சையிலும் கோட்டைத் தாண்டாதீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் அடுத்த சாலைக்குப் பச்சை விழும்போது நீங்கள்தான் சுவர்.

இரவு பல ஊர்களில் சிக்னல் மஞ்சளாக மின்னிக்கொண்டிருக்கும். "மஞ்சள்தானே, போகலாம்" என்று நான்கு பக்கமும் நினைப்பதால் பெரிய விபத்துகள் அப்போது நடக்கின்றன. மின்னும் மஞ்சள் என்றால் சிக்னல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்து, இரண்டாம் பகுதி வரிசையில் அடுத்த படிக்கு இறங்குங்கள். கரண்ட் போய் அணைந்த சிக்னலுக்கும் இதுவே. மின்னும் சிவப்பு என்றால் முழுதாக நின்று, பார்த்து, பிறகு போக வேண்டும்.

ஃப்ரீ லெஃப்ட் பலகையோ பச்சை அம்போ இருந்தால் மட்டுமே சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாம். பலகை இல்லாத இடத்தில் சிவப்பு இடப்பக்கத்துக்கும் சிவப்புதான். ஃப்ரீ லெஃப்டில் திரும்பும்போதும் வழி உங்களுடையது இல்லை. நடந்து கடப்பவருக்கும், நீங்கள் சேரும் சாலையில் ஏற்கெனவே வருபவருக்கும்தான் முதல் வழி.

5. கிளைச் சாலையிலிருந்து மெயின் ரோட்டுக்கு

நம் ஊரில் அதிகம் சந்திப்பது இதைத்தான். தெருவிலிருந்து மெயின் ரோடு, கிராமச் சாலையிலிருந்து மாநில நெடுஞ்சாலை, சர்வீஸ் ரோட்டிலிருந்து பைபாஸ்.

மெயின் ரோட்டில் வருபவருக்கு வழிவிட வேண்டும், அவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும். பெட்ரோல் பங்க், அபார்ட்மெண்ட் கேட், கடை வாசலிலிருந்து சாலைக்கு ஏறுபவருக்கும் இதே நிலைதான்.

எது மெயின் ரோடு என்று எப்படித் தெரியும்? வழிவிடும் பலகை உங்கள் பக்கம் இருந்தால் கேள்வியே இல்லை. இல்லாவிட்டால் இவற்றைப் பாருங்கள்: நடுக்கோடு அல்லது மீடியன் (நடுத்தடுப்பு) எதில் ஓடுகிறது, ஸ்பீடு பிரேக்கர் எதன் வாயில் இருக்கிறது, பஸ் எதில் போகிறது. நீங்கள் வரும் சாலையின் வாயில் ஸ்பீடு பிரேக்கர் இருந்தால் பெரும்பாலும் நீங்கள்தான் கிளை. குழப்பம் தீரவில்லையா, உங்களைக் கிளை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நஷ்டம் சில நொடிகள்.

செய்முறை இரண்டு நிறுத்தங்கள். முதல் நிறுத்தம் கோட்டில், அல்லது கோடு இருக்கவேண்டிய இடத்தில். இங்கிருந்து பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. முக்கில் ஒரு டீக்கடை, அதன் முன்னால் நாலு பைக், ஒரு லோடு ஆட்டோ. இரண்டாவது நிறுத்தம், முன் பம்பர் மெயின் ரோட்டின் ஓடுபாதையைத் தொடாமல், உங்கள் கண்ணுக்குச் சாலை தெரியும் இடம்வரை ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்து போய். முதல் நிறுத்தம் நடந்து போகிறவர்களுக்காக, இரண்டாவது வண்டிகளுக்காக. பழகுபவர்கள் முதல் நிறுத்தத்திலேயே இடைவெளியை எடை போட்டுப் பாய்கிறார்கள். அல்லது முதலாவதை விட்டுவிட்டு நேராக இரண்டாவதுக்குப் போய் மூக்கை நீட்டுகிறார்கள்.

இடைவெளியை எடை போட ஒரு எளிய வழி இருக்கிறது. வலப்பக்கம் தூரத்தில் ஒரு மின்கம்பத்தையோ மரத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். வரும் வண்டி அதைத் தாண்டும்போது எண்ண ஆரம்பியுங்கள்: ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு. உங்கள் முன்னால் வரும்போது எண் எத்தனை என்று பாருங்கள். 6-க்குக் கீழ் என்றால் அந்தக் கம்பம் போதாது. இன்னும் தூரத்தில் ஒன்றைக் குறியுங்கள். 6 நொடி ஏன்? நின்ற நிலையிலிருந்து ஒரு கார் 7 மீட்டர் அகலச் சாலையைத் தன் நீளத்தோடு சேர்த்துக் கடக்க 4 நொடியாவது ஆகும். முடிவெடுக்க ஒரு நொடி, வண்டி தடுமாறினால் ஒரு நொடி.

பைக் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சிறியதாகத் தெரிவதால் அது தூரத்தில் இருப்பதுபோல் கண் ஏமாற்றும். காருக்குக் கொடுக்கும் அதே நொடிகளைப் பைக்குக்கும் கொடுங்கள்.

6. இரண்டும் சமமான சாலைகள்

அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளில் ஒரே அகலத் தெருக்கள் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்ளும். பலகை இருக்காது, கோடு இருக்காது. இங்கேதான் வலப்பக்க விதி வேலைக்கு வருகிறது: உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வருபவர் முதலில் போவார்.

ஏன் வலம்? நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் வலப்பக்கத்திலிருந்து வருபவர் குறுக்குச் சாலையில் உங்களுக்கு அருகிலுள்ள பாதியில் வருகிறார். நீங்கள் நுழைந்ததும் முதலில் மோதக்கூடியவர் அவர்தான். இடப்பக்கத்திலிருந்து வருபவர் அந்தப் பக்கப் பாதியில் இருக்கிறார். அவரைப் பார்க்க உங்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. காரணம் புரிந்துவிட்டால் பதற்றத்திலும் விதி மறக்காது.

நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி வந்து நின்றால், ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பார். விதிப்படி யாரும் போக முடியாது. அப்போது யாராவது ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுத்து, வலப்பக்கத்துக்காரருக்குத் தெளிவாகக் கை காட்ட வேண்டும். அவர் போனதும் முடிச்சு வரிசையாக அவிழும். பழகுபவர்கள் நீங்களே கை காட்டுபவராக இருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்து, நின்று, மீண்டும் நகரும் ஆட்டம் அதில் முடிந்துவிடும்.

உங்களுக்குத்தான் வழி என்றாலும், மற்றவர் வேகம் குறைவதைக் கண்ணால் பார்த்த பிறகே நுழையுங்கள். வழிவிட வேண்டியது அவர் கடமையாக இருந்தாலும், மோதாமல் தவிர்ப்பது இருவர் கடமையும்தான். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் தீர்ப்பாயங்கள் இரு தரப்பின் கவனக்குறைவையும் எடை போட்டுப் பங்கு பிரிப்பது சாதாரணம்.

7. வலப்பக்கம் திரும்புவது

புதியவர்கள் தடுமாறுவதில் பாதி இங்கேதான். வலப்பக்கம் திரும்புபவர் எதிர்த்திசைப் போக்குவரத்தைக் கிழித்துக்கொண்டு போகிறார். அதனால் எதிரே நேராக வருபவருக்கு வழிவிட வேண்டும். எதிரே வந்து, நீங்கள் போகும் அதே சாலைக்குள் இடப்பக்கம் திரும்புபவருக்கும் விட்டுக்கொடுங்கள். அவர் ஓரத்தை ஒட்டிக் குறுகிய வளைவில் உள்ளே போய்விடுவார். நீங்கள் அகல வளைவில் வருகிறீர்கள்.

படிகள்: நடுக்கோட்டை ஒட்டி வாருங்கள். சந்திப்பின் நடுவுக்குச் சற்று முன்புவரை நேராகப் போய் நில்லுங்கள். இடைவெளி வந்ததும், திரும்பும் சாலையின் இடப்பாதியில் போய்ச் சேரும்படி வளையுங்கள். நடுவைத் தொடாமல் முன்கூட்டியே குறுக்கே வெட்டினால், அந்தச் சாலையிலிருந்து வெளியே வருபவரின் முகத்துக்கு நேரே போய் நிற்பீர்கள்.

காத்திருக்கும்போது முன் சக்கரம் நேராக இருக்கட்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றால், பின்னால் யாராவது லேசாக இடித்தாலும் வண்டி எதிர்ப்பாதைக்குள் தள்ளப்படும்.

எதிரே ஒரு பஸ் நின்று, ஓட்டுநர் "போ" என்று கை காட்டுவார். நல்ல மனம்தான். ஆனால் அவர் தன் பாதையை மட்டுமே தர முடியும். பஸ்ஸின் பக்கத்து இடைவெளியில் ஒரு பைக் அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். அந்தப் பைக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், உங்களுக்கு அவர் தெரியமாட்டார். எனவே பஸ்ஸின் மூக்குவரை நடை வேகத்தில் வந்து, அங்கே மீண்டும் நின்று, எட்டிப் பார்த்து, பிறகு முடியுங்கள். என்னோடு பழகியவர்களிடம் நான் பிடிவாதமாகத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஒரே விஷயம் இது.

முன்னால் திரும்பும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே போகாதீர்கள். அவருக்குக் கிடைத்த இடைவெளி அவருக்கானது.

8. இடப்பக்கம் திரும்புவது

சுலபம் என்று நினைப்பதால் இங்கே கவனம் குறைகிறது. ஓரத்தை ஒட்டி வாருங்கள். நீங்கள் ஒரு பைக் அளவு இடம் விட்டால் அங்கே ஒரு பைக் வந்துவிடும். திரும்பும் முன் இடப்பக்க மிரர், பிறகு தோளுக்கு மேல் ஒரு பார்வை.

நீங்கள் பைக்கில் இருந்தால்: திரும்பக் காத்திருக்கும் பஸ், லாரியின் இடப்பக்கச் சந்தில் நுழையாதீர்கள். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும் முன் சற்று வலப்பக்கம் விலகும். அந்த இடம் உங்களுக்காக விட்டதுபோல் தெரியும். பின் சக்கரங்கள் முன் சக்கரத்தின் தடத்திலேயே வருவதில்லை. உள்பக்கமாக ஓரத்தை உரசிக்கொண்டு வரும்.

9. ரவுண்டானா

உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முதல் வழி. அவர் உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வருவார், ஏனென்றால் நம் நாட்டில் ரவுண்டானாவைக் கடிகாரம் ஓடும் திசையில் சுற்றுகிறோம். உள்ளே இருப்பவர் நின்று வெளியே இருப்பவரை விட்டால் வட்டம் நிரம்பி, யாரும் வெளியேற முடியாமல் பூட்டிக்கொள்ளும்.

நுழையும் முன் வலம் பார்த்து, இடைவெளி வந்ததும் தயங்காமல் நுழையுங்கள்; உள்ளே போனபின் நிற்காதீர்கள். அடுத்த வாயில் வெளியேறுவதானால் வெளி ஓரத்திலும், அதற்கு மேல் போவதானால் உள்பக்கத்திலும் இருங்கள். உங்கள் வாயிலுக்கு முந்தைய வாயிலைத் தாண்டியதும் இடப்பக்க இண்டிகேட்டர். வாயிலைத் தவறவிட்டால் இன்னொரு சுற்று வாருங்கள். உள்பக்கத்திலிருந்து திடீரென்று வெட்டி வெளியேறுவதுதான் ரவுண்டானாவில் அதிகம் உரசவைப்பது.

10. பைபாஸ் மீடியன் இடைவெளியும் யூ-டர்னும்

நான்கு வழிச் சாலையில் கிராமச் சாலை வந்து சேரும் இடத்தில் மீடியனில் ஒரு இடைவெளி இருக்கும். இதை ஒரே சந்திப்பாகப் பார்க்காதீர்கள்; இரண்டு சந்திப்புகள். முதல் பாதிக்கு வலம் பார்த்துக் கடந்து மீடியன் இடைவெளியில் நில்லுங்கள். பிறகு இடம் பார்த்து மறுபாதி. ஆனால் உங்கள் வண்டி முழுதாக மீடியன் அகலத்துக்குள் அடங்குமா என்று முதலிலேயே பாருங்கள். பைக் பெரும்பாலும் அடங்கும். கார் பல இடங்களில் அடங்காது. வால் வேகப் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். அடங்காது என்றால் இரு பக்கமும் காலியாகும்வரை காத்திருங்கள்.

80 கி.மீ. வேகத்தில் வருபவர் 6 நொடியில் 130 மீட்டருக்கு மேல் வந்துவிடுவார். ஊருக்குள் பழகிய கண் இந்தத் தூரத்தைக் "காலி" என்று சொல்லும். எண்ணிப் பார்க்கும் பழக்கம் இங்கே உயிர் காக்கும். விதியை மீறி எதிர்த்திசையில் வருபவர்களையும் எதிர்பார்க்க வேண்டிய நிலைமை இருப்பதால், மறுபக்கமும் ஒரு பார்வை போடுங்கள்.

கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு, நேராகக் கடக்காமல் சற்றுத் தள்ளி யூ-டர்ன் அடித்து வரும்படி மாற்றியிருக்கிறார்கள். இங்கே யூ-டர்ன் அடிப்பவருக்கு எந்த முன்னுரிமையும் இல்லை. எதிர்ப்பாதையில் வருபவர்கள் எல்லோருக்கும் வழிவிட வேண்டியவர் அவர். திரும்பியபின் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் உடனே குறுக்கே பாயாமல், முதலில் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, பாதைக்கு ஒரு மிரர் பார்வை என்று நகருங்கள்.

11. வரிசையை மீறி வழி பெறுபவர்கள்

ஜீப்ரா கிராசிங்கில் கால் வைத்தவருக்கு வழிவிட்டு நில்லுங்கள். திரும்பும்போது, நீங்கள் நுழையும் சாலையை நடந்து கடப்பவருக்கும் அப்படியே. பக்கத்துப் பாதையில் ஒரு வண்டி கிராசிங் முன் நின்றிருந்தால் அதை முந்தாதீர்கள். அவர் யாருக்காகவோ நிற்கிறார், உங்களுக்குத்தான் தெரியவில்லை. வெள்ளைக் கோலோடு ஒருவர் சாலை ஓரத்தில் நின்றால், கிராசிங் இல்லாவிட்டாலும் நில்லுங்கள்.

சைரன், விளக்கோடு வரும் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டிக்கு ஓரம் ஒதுங்கி வழிவிட வேண்டும். வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சைரன் கேட்டதும் செய்யவேண்டியது: எந்தப் பக்கத்திலிருந்து என்று மிரரில் உறுதி செய்து, இடப்பக்க இண்டிகேட்டர் போட்டு, இட ஓரம் ஒதுங்கி நிற்பது. சந்திப்புக்குள் இருந்தால் அங்கேயே நின்றுவிடாமல் கடந்து போய் ஒதுங்குங்கள். ஆம்புலன்ஸ் போனதும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். வழிவிட்டவர்கள் எல்லோரும் அந்த நொடியில்தான் திரும்பி உள்ளே வருவார்கள்.

மலைப்பாதையில் இரு வண்டிகள் ஒதுங்க முடியாத குறுகல் வந்தால், ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்று மீண்டும் கிளம்புவது கடினம் என்பதே காரணம். ஏற்காடு, கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்பே ஹார்ன் அடித்து, எதிரே சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

12. தவறாகப் படிக்கப்படும் சைகைகள்

நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டால் "நேராகப் போகிறேன்" என்று அர்த்தம் என நிறையப் பேர் நம்புகிறார்கள். அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாராக இருந்தாலும் மறந்துவிடுங்கள். இடப்பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் ஒரு விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் அவர் பக்கம் திரும்புவதாக நினைத்து அவர் கிளம்பிவிடுவார். நேராகப் போகிறவருக்கு இண்டிகேட்டரே தேவையில்லை.

ஹை பீம் மின்னினால் நம் ஊரில் பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்" என்றுதான் அர்த்தம். சிலர் "நீ போ" என்பதற்கும் அதையே அடிக்கிறார்கள். எனவே விளக்கை வைத்து முடிவெடுக்காமல், வண்டியின் மூக்கு தாழ்கிறதா, வேகம் குறைகிறதா என்று பாருங்கள்.

நெடுஞ்சாலையில் லாரியின் வலப்பக்க இண்டிகேட்டர் "முந்திக்கொள்" என்றும் இருக்கலாம், "வலப்பக்கம் திரும்பப்போகிறேன்" என்றும் இருக்கலாம். சந்திப்போ மீடியன் இடைவெளியோ பக்கத்தில் இருந்தால் அது திரும்புவதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே இருங்கள்.

13. எந்த வரிசையில் பழகுவது

வண்டி எடுக்கும் முன், ஒரு சந்திப்பின் ஓரத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஒவ்வொரு வண்டியும் வரும்போது "இவர் யாருக்கு வழிவிட வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரைவில் பதில் வண்டிக்கு முன்பே வர ஆரம்பிக்கும்.

அடுத்து ஞாயிறு காலை 6 மணிக்கு, குடியிருப்புத் தெருக்களின் முச்சந்திகள். பிறகு தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு இடப்பக்கம் மட்டும் திரும்பிச் சேருவது. அதன் பிறகு சிக்னல், ரவுண்டானா. மெயின் ரோட்டிலிருந்து வலப்பக்கம் திரும்புவதை இவை எல்லாம் கை வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வலப்பக்கம் போக வேண்டிய இடத்துக்கு, அடுத்த சிக்னல்வரை போய்த் திரும்பி வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. பைபாஸ் மீடியன் இடைவெளியைக் கடைசியாக, பகலில், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரை வைத்துக்கொண்டு. அங்கே முதல் சில தடவை நீங்கள் கடக்க வேண்டாம். ஓரத்தில் நின்று நொடிகளை மட்டும் எண்ணி, "இப்போது போகலாம்" என்று சொல்லுங்கள், உங்கள் கணிப்பு சரியா என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும்.